கையில் ஆடாமல் உட்கார்ந்தால் பட்ஜி பழகிவிட்டதா?

நம்மூர்க் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்பது பெரும்பாலும் பட்ஜி என்ற சின்னக் கிளிகளைத்தான். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. பட்ஜிக்கோ ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலம்தான் பூர்வீகம். அங்கே வல்லூறுக்கு இரையாகும் இந்தப் பறவை 30 முதல் 40 கிராம்தான் இருக்கும். தலைக்கு மேலிருந்து இறங்கும் எதுவும் அதற்கு வல்லூறுதான், தீனி வைக்க வரும் உங்கள் கையும்கூட.

சிகிச்சைக்குக் கொண்டுவருபவர்கள் பலரும் சொல்வது: “கையில வெச்சா ஆடாம அசையாம இருக்கு டாக்டர், நல்லாப் பழகிடுச்சு.” பறவையைப் பார்த்தால் இறகெல்லாம் உடம்போடு ஒட்டி, குச்சிபோல ஒல்லியாகி, கண்ணை விரித்தபடி இருக்கும். அது பயத்தில் உறைந்துபோன நிலை. பழகிய பட்ஜி ஒரு காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும், இறகு கோதும், தூக்கம் வந்தால் அலகை நறநறவென்று அரைக்கும். நாள் முழுக்க உப்பிக்கொண்டு, மூச்சுக்கு மூச்சு வால் ஆட, கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தால் அது நோய். பழக்குவதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கூண்டின் ஒரு பக்கமாவது சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். நாலு பக்கமும் திறந்திருந்தால் அதற்கு நிம்மதி இருக்காது. உயரம் உங்கள் நெஞ்சுமட்டம். சமையலறையில் வைக்கவே கூடாது. சூடேறிய நான்ஸ்டிக் தவாவின் புகை நிமிடங்களில் கொன்றுவிடும். கடைக்காரர் சேர்த்துக் கொடுத்த மண்பானையையும் எடுத்துவிடுங்கள். பானை இருந்தால் பறவை அதற்குள்ளேயே ஒளியும். பெட்டையாக இருந்தால் பானையைக் காக்கக் கடிக்கும், முட்டைமேல் முட்டையிட்டு மெலியும்.

முதல் வாரம் கை உள்ளே போவது தீனிக்கும் தண்ணீருக்கும் மட்டும். மற்ற நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசுங்கள், போன் பாருங்கள். உற்றுப் பார்க்காதீர்கள், இரண்டு கண்ணாலும் நேராக முறைப்பது வேட்டை விலங்கின் பார்வை.

அடுத்தது தினைக்கதிர். கிண்ணத்தில் வழக்கமான தானியம் இருக்கட்டும், கதிர் மட்டும் உங்கள் கையிலிருந்துதான் கிடைக்க வேண்டும். பட்டினி போட்டுப் பழக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள். இவ்வளவு சிறிய உடம்பு ஒரு நாள் பட்டினிக்கே ஆபத்தான நிலைக்குப் போய்விடும். ஒரு சாண் நீளக் கதிரின் காம்பைப் பிடித்து, முதலில் கம்பிக்கு வெளியிலிருந்தே நீட்டுங்கள். கொத்தத் தொடங்கியதும் கதவு வழியாக, பறவையின் கால்மட்டத்துக்குக் கீழிருந்து மெதுவாகக் கொண்டுபோங்கள். எந்த இடத்தில் இறகு ஒட்டி உடல் ஒல்லியாகிறதோ அங்கேயே கையை நிறுத்துங்கள். அது தளர்ந்த பிறகு பின்வாங்குங்கள். சிறகடித்துப் பதறும்போது கையை வெடுக்கென்று எடுத்தால், பதறினால் கை போய்விடும் என்று கற்றுக்கொள்ளும். ஒரு தடவைக்கு 10 நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை போதும்.

தினமும் கதிரை ஓர் அங்குலம் சுருக்கிப் பிடித்தால், கடைசி மணிகளை எட்ட அது உங்கள் விரலில் கால் வைத்தாக வேண்டும். அதன் பிறகு கதிர் இல்லாத ஆள்காட்டி விரலால், காலுக்குச் சற்று மேலே அடிவயிற்றில் லேசாகத் தொட்டு, “ஏறு” என்று ஒரே சொல்லைச் சொல்லுங்கள். குஞ்சுகள் இரண்டு வாரத்தில் ஏறிவிடலாம். கடையில் பலமுறை பிடிபட்ட பெரிய பறவைக்கு மாதக்கணக்கில் ஆகலாம். நெற்றிக் கோடுகள் மூக்குவரை வந்திருந்தால் வயது சுமார் 4 மாதத்துக்குள்.

வெளியே விடும் முன் சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். நம் வீடுகளில் பட்ஜிகளுக்கு அதுதான் பெரிய எமன். கண்ணாடி ஜன்னலுக்குத் திரை போடுங்கள். கூண்டுக்குத் திரும்பவில்லை என்றால் துரத்தாதீர்கள். கதவைத் திறந்து உள்ளே கதிரைத் தொங்கவிட்டால், பசிக்கும்போது பெரும்பாலும் தானே போகும். பிடித்தே ஆக வேண்டுமென்றால் விளக்கை அணைத்து, மெல்லிய பருத்தித் துணியால் மூடி எடுங்கள். பறவைக்கு உதரவிதானம் கிடையாது. நெஞ்சு விரிந்தால்தான் மூச்சு. நெஞ்சை அழுத்தாமல் கழுத்தின் இரு பக்கமும் விரல் வைத்துப் பிடியுங்கள். இப்படிப் பிடித்துவிட்டால், மறுநாள் மறுபடியும் முழு நீளக் கதிரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.