காட்டு முயல்: தின்பவரைவிட உரிப்பவருக்கே ஆபத்து

காட்டு முயல் கறியைச் சாப்பிடலாமா என்று தயங்குபவர்கள் பெரும்பாலும் தட்டில் இருப்பதைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். நன்றாக வெந்த கறியால் நோய் வருவது அரிது. வருவதாக இருந்தால் அதற்கு முன்பே, தோலை உரித்துக் குடலை எடுக்கும்போதே வந்துவிடும். (முயல் வேட்டையைச் சட்டம் அனுமதிக்கும் நாடுகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு. மற்ற இடங்களில் இந்தக் கேள்விக்கே வேலையில்லை.)

கவலைப்பட வேண்டிய முதல் நோய் துலரேமியா. முயல் காய்ச்சல் என்றும் சொல்வார்கள். 1911ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் துலாரி மாவட்டத்தில் தரை அணில்களிடம் இது கண்டறியப்பட்டது. பூமியின் வடபாதியில்தான் இதன் நடமாட்டம் அதிகம். உண்ணிகளும் சில வகை ஈக்களும் முயலுக்கு முயல் இதைப் பரப்புகின்றன. இதை உண்டாக்கும் பாக்டீரியா அசாத்தியமான தொற்றுத்திறன் கொண்டது. பத்து முதல் ஐம்பது கிருமிகள் உடலுக்குள் போனாலே நோய் வரலாம். நகக்கண்ணில் உரிந்திருக்கும் தோலும், நாமே கவனிக்காத ஒரு கீறலும் அதற்குப் போதுமான வாசல். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாட்களில் திடீரென்று காய்ச்சல் அடிக்கும், கிருமி நுழைந்த இடம் புண்ணாகும், அக்குளில் நெறிகட்டும். ஆன்டிபயாடிக் மருந்துகளால் குணப்படுத்திவிடலாம். ஆனால் முயலை உரித்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஏதோ ஒரு சாதாரணக் காய்ச்சல் என்று நாட்கள் வீணாகும்.

வயிற்றைத் திறந்ததும் கண் போக வேண்டிய இடம் கல்லீரல். நல்ல கல்லீரல் வழவழப்பாக, ஒரே சீரான கருஞ்சிவப்பு நிறத்தில் இருக்கும். அதிலோ வீங்கிய மண்ணீரலிலோ ஊசிமுனை அளவு வெண்புள்ளிகள் சிதறிக் கிடந்தால் அந்த முயலை அப்படியே புதைத்துவிடலாம். அந்தப் புள்ளிகள் காக்சிடியா என்ற ஒட்டுண்ணியாலும் வந்திருக்கலாம். அது மனிதரைத் தொற்றாது. ஆனால் எது எது என்று கத்தியும் கையுமாக நிற்பவரால் சொல்ல முடியாது. நோயுற்ற எல்லா முயலிலும் புள்ளிகள் தெரியும் என்றும் இல்லை. ஆகவே கையுறை போடுவதைக் கல்லீரலைப் பார்த்த பிறகு முடிவு செய்யக் கூடாது. பிடிக்கப்படும்போதே மந்தமாக, ஓடத் தெம்பில்லாமல் இருந்த முயல் என்றால் கத்தி வைப்பதே வீண்.

ஃப்ரீசரில் போட்டால் கிருமி செத்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. உறைந்த முயல் கறியில் இந்தக் கிருமி ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். அதைக் கொல்வது சூடுதான்: கறியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும்.

பார்க்கக் கொடூரமாகத் தெரியும் மிக்ஸோமடோசிஸ் நமக்கு ஒன்றும் செய்யாது. கண் வீங்கி, சீழ் வடிந்து முயல்கள் சாகும் இந்த வைரஸ் நோயை, பெருகிப்போன முயல்களை ஒழிக்க 1950இல் ஆஸ்திரேலியாவில் பரப்பினார்கள். அதே சமயத்தில் அங்கே மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல் வர, பழி வைரஸின் மேல் விழுந்தது. ஃபிராங்க் ஃபென்னர், மக்ஃபார்லேன் பர்னெட், இயன் க்ளூனிஸ் ராஸ் என்ற மூன்று விஞ்ஞானிகள் அதே வைரஸைத் தங்கள் உடம்பிலேயே ஊசியாகப் போட்டுக்கொண்டார்கள். மூவருக்கும் எதுவும் ஆகவில்லை.

குடலைச் சுற்றிய சவ்வில் பட்டாணி போன்ற நீர்ப்பைகள் தென்பட்டால் அவை நாய் நாடாப்புழுவின் இளம் பருவம். அவற்றை அகற்றிவிட்டுக் கறியைச் சமைக்கலாம், குடலைப் பச்சையாக நாய்க்குப் போடுவதுதான் தவறு. முயலைக் கொல்ல விஷ உணவு வைக்கும் பகுதிகளில் பிடித்ததை மட்டும் எவ்வளவு வேகவைத்தும் பயனில்லை. பெரும்பாலான விஷங்களுக்குச் சமையல் சூடு ஒரு பொருட்டே அல்ல.

இனி ருசி. முயல் வளையை நோக்கிச் சட்டென்று பாய்ந்து ஒளியும் பிராணி என்பதால் அதன் தசை வெளிறியிருக்கிறது. வளை தோண்டாமல் வெட்டவெளியில் நெடுந்தூரம் ஓடும் ‘ஹேர்’ என்ற பெரிய முயலினத்தின் தசைக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும். அதைத் தேக்கிவைக்கும் மயோகுளோபின் கறியைக் கருஞ்சிவப்பாக்குகிறது, வாசனையும் தூக்கலாக இருக்கும். எதுவானாலும், நெடுநேரம் துரத்திக் கொன்ற பிராணியின் கறி சோபிக்காது. தசையில் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரைப் பொருள்தான் இறந்தபின் லாக்டிக் அமிலமாக மாறிக் கறியைக் காக்கிறது. ஓடியே அது தீர்ந்துபோனால் கறி கறுத்துப் பிசுபிசுக்கும், சீக்கிரம் கெடும்.

கிழட்டு முயலை வறுக்க நினைப்பவருக்குத் தோல்விதான். அதன் தசையைப் பிணைக்கும் கொலாஜன் முற்றி இறுகியிருக்கும். ஈரச்சூட்டில், மூடிய பாத்திரத்தில், மணிக்கணக்கில் வெந்தால்தான் அது ஜெலட்டினாக இளகும். காதைக் கிழித்துப் பாருங்கள்: இளங்குட்டியின் காது காகிதமாய்க் கிழியும், கிழத்தின் காது இழுத்தாலும் வராது.

இவ்வளவு கொழுப்பற்ற இறைச்சி உடம்புக்கு எவ்வளவு நல்லது என்று புகழ்பவர்களும் உண்டு. 100 கிராம் காட்டு முயல் கறியில் சுமார் 22 கிராம் புரதமும் 2 கிராமுக்குச் சற்றே அதிகமான கொழுப்பும் இருக்கின்றன. கணக்குப் போட்டால் அதன் கலோரியில் ஐந்தில் நான்கு பங்கு புரதத்திலிருந்தே வருகிறது. புரதத்தை எரிக்கும்போது மிஞ்சும் நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக மாற்ற வேண்டும்; அதன் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு. உணவின் ஆற்றலில் ஏறக்குறைய 35 முதல் 40 சதவீதத்துக்கு மேல் புரதமாகவே இருந்தால் உடல் திணறும். வடதுருவப் பகுதிகளில் சுற்றிய ஆய்வாளர் வில்ஹ்யால்முர் ஸ்டெஃபான்சன் இதை விவரித்திருக்கிறார்: வேறு உணவில்லாமல் முயலை மட்டுமே தின்றவர்களுக்கு ஏறக்குறைய ஒரு வாரத்தில் வயிற்றுப்போக்கும் தலைவலியும் சோர்வும் வந்தன. வயிறு முட்டத் தின்றும் பசி அடங்கவில்லை. கொஞ்சம் கொழுப்பு கிடைத்ததும் தேறினார்கள். சோற்றோடோ ரொட்டியோடோ, எண்ணெய் தாராளமாக விட்டுச் சமைத்துச் சாப்பிடுபவருக்கு இந்தத் தொல்லை வராது.