தொட்டு விலகினால் வினை நடக்கும்: டெஃப்லான் தூள் வினையூக்கியாகும் விதம்

டெஃப்லான் எதனோடும் எளிதில் வினைபுரியாது. அதன் நெருங்கிய உறவான எஃப்.இ.பி. பிளாஸ்டிக்கும் அப்படித்தான். ஆனால் இவற்றின் தூளை நீரில் கலந்து மீயொலி (காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலி) கொடுத்தால், நீரிலுள்ள சாயம் சிதைகிறது. நானோ அறிவியலாளர் ஜோங் லின் வாங்கின் குழுவினர் 2022-இல் இதைத் தொடுமின் வினையூக்கம் (தொடுகையில் எலக்ட்ரான் தாவுவதால் வினை தூண்டப்படுவது) என முன்வைத்தனர்.

மீயொலியால் நீரில் நுண்குமிழிகள் தோன்றி உடைகின்றன. ஒவ்வொரு முறையும் நீர் தூளின் மேல் மோதி விலகுகிறது. புளூரின் நிறைந்த அந்தப் பரப்பு, தொட்ட நீர் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பறித்துக்கொள்கிறது. எலக்ட்ரான் இழந்த நீர், பக்கத்து மூலக்கூறுக்கு ஒரு புரோட்டானைக் கொடுத்துவிட்டு ஹைட்ராக்சில் ராடிக்கலாகிறது (பிற மூலக்கூறுகளைச் சட்டெனத் தாக்கும் OH துண்டு). சாயத்தைப் பெரிதும் உடைப்பது இதுதான். பறித்த எலக்ட்ரானை நீரில் கரைந்த ஆக்சிஜன் வாங்கிக்கொள்ள, தூள் பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த தொடுகைக்குத் தயாராகிறது. ஆக்சிஜன் இல்லாவிட்டால் மின்னூட்டம் தூளிலேயே தேங்கி, வினை மந்தமாகும்.

செய்து பார்க்க: லிட்டருக்கு 5 மில்லிகிராம் மெத்தில் ஆரஞ்சு சாயம் கரைந்த நீர் 50 மில்லிலிட்டர், எஃப்.இ.பி. தூள் 20 மில்லிகிராம், 40 கிலோஹெர்ட்ஸ் மீயொலித் தொட்டி. நிறம் மறையச் சில மணி நேரம் ஆகும். அவ்வப்போது சிறிது எடுத்து, தூளை வடிகட்டி, அந்தச் சாயம் வலுவாக உட்கவரும் 464 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி உட்கவர்வை அளக்க வேண்டும்.

முதல் தொல்லை, தூள் நனையாமல் மிதப்பது. மிதக்கும் தூளை நீர் தொடுவதே குறைவு. எனவே முன்கூட்டியே நெடுநேரம் கலக்கிவிட வேண்டும். அடுத்தது வெப்பம். மீயொலியே தொட்டியைச் சூடாக்கிவிடும், சூடான நீரில் குமிழி உடையும் வேகம் தணியும். ஐஸ் போட்டு 25 டிகிரிக்குள் வைப்பது நல்லது. உப்பும் பகைதான்: பரப்பில் படியும் அயனிகள் எலக்ட்ரான் தாவலைத் தடுக்கின்றன. குடுவையை நகர்த்தினாலும் முடிவு மாறும், தொட்டியில் ஒலியின் வலிமை இடத்துக்கு இடம் வேறுபடுவதால்.

பலர் விட்டுவிடுவது தூள் போடாத ஒப்பீட்டுச் சோதனை. மீயொலி மட்டுமே கொஞ்சம் ராடிக்கல்களை உண்டாக்கும். அந்தப் பங்கைக் கழிக்காமல் தூளின் வேலையைச் சொல்ல முடியாது. ஹைட்ராக்சில் ராடிக்கலைப் பிடித்துக்கொள்ளும் டெர்ட்-பியூட்டனால் என்ற ஆல்கஹாலைச் சேர்த்தபின் வேகம் சரிந்தால், ஹைட்ராக்சிலின் கைவரிசை உறுதிப்படும்.

நிறம் போனதாலேயே சாயம் முழுதும் கார்பன் டை ஆக்சைடாகிவிட்டது என்று பொருளல்ல; சாய மூலக்கூறிலுள்ள நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு அறுந்தாலே ஆரஞ்சு நிறம் போய்விடும். நீரில் எஞ்சிய மொத்தக் கரிமக் கார்பனை அளந்தால்தான் தெரியும். கூடவே நீரில் புளூரைடையும் பார்த்துவிட வேண்டும்: தூளே உடைந்து கரைகிறது என்றால் அதை வினையூக்கி என்று அழைக்க முடியாது.