வாசல் பெயர் கொண்ட ரத்தக்குழாய்: போர்ட்டல் சிரை எப்படி இயங்குகிறது?

லத்தீனில் 'போர்ட்டா' என்றால் வாயில். அதிலிருந்து வந்த 'போர்ட்டல்' கட்டடப் பொறியாளருக்கு இரு தூணும் ஓர் உத்தரமும் இறுகப் பிணைந்த சட்டம். கணினித் துறையில் பல சேவைகளுக்கு வழிவிடும் இணையதளம். மருத்துவத்தில் அது ஓர் இடத்தின் பெயராகத் தொடங்கியது. கல்லீரலின் அடிப்பக்கத்தில் குறுக்காக ஒரு பள்ளம் உண்டு. தமனி உள்ளே போவதும் பித்தநாளம் வெளியே வருவதும் அதன் வழியேதான். அந்த வாயிலில் நுழையும் பெரிய சிரைதான் போர்ட்டல் சிரை.

வழக்கமாக ரத்தம் தமனியிலிருந்து தந்துகிகளுக்குப் போய், சிரைகளில் சேர்ந்து இதயத்துக்குத் திரும்பும். இரைப்பை, குடல், கணையம், மண்ணீரல் ஆகியவற்றின் ரத்தத்துக்கு அந்த நேர்வழி இல்லை. குடலின் பெரிய சிரையும் மண்ணீரல் சிரையும் கணையத்தின் கழுத்துக்குப் பின்னால் இணைந்து, சுமார் 8 செ.மீ. நீளமுள்ள போர்ட்டல் சிரையாகின்றன. அது கல்லீரலுக்குள் மறுபடியும் தந்துகிகளாகப் பிரிகிறது. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த வழியில்தான் வருகிறது. குடலிலிருந்து தப்பி வரும் பாக்டீரியாவை அங்குள்ள குப்ஃபர் செல்கள் விழுங்குகின்றன; அம்மோனியா யூரியாவாக மாறுகிறது.

விழுங்கிய மருந்தும் முதலில் இங்கேதான் வந்து சேரும்; பல மருந்துகள் இங்கேயே பெருமளவு சிதைந்துவிடும். ஊசியில் 1 மில்லிகிராம் அளவில் தொடங்கும் ப்ரோப்ரனலால் என்ற இதய மருந்து, மாத்திரையாக 10 முதல் 40 மில்லிகிராம் வரை தேவைப்படுவது அதனால்தான். நெஞ்சுவலிக்கான நைட்ரோகிளிசரின் மாத்திரையை நாக்கின் அடியில் வைப்பதும் இதற்காகவே: வாயின் சிரைகள் கல்லீரலைத் தொடாமல் இதயத்துக்குப் போகின்றன. அதை விழுங்கிவிட்டால் பெரும்பகுதி முதல் சுற்றிலேயே சிதைந்துவிடும். ஆசனவாய் வழியே வைக்கும் மருந்தும் மலக்குடலின் கீழ்ப்பகுதியில் இருக்கும்வரை கல்லீரலை ஓரளவு தவிர்க்கும். மேலே நகர்ந்தால் அந்தச் சலுகை குறையும்.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் அழுத்தத்தில் இருக்கிறது. போர்ட்டல் சிரையில் இயல்பான அழுத்தம் 5 முதல் 10 மி.மீ. பாதரசம் மட்டுமே. சிரோசிஸில் கல்லீரல் தழும்பேறி இறுகும்போது ரத்தம் உள்ளே போக வழியின்றி அழுத்தம் ஏறும். போர்ட்டல் சிரைகளில் வால்வுகள் இல்லாததால் ரத்தம் பின்னோக்கி ஓடி, உணவுக்குழாயின் கீழ்முனை, மலக்குடல், தொப்புளைச் சுற்றிய சிறு சிரைகள் வழியே மாற்றுப்பாதை தேடும். இவற்றில் உயிருக்கே ஆபத்தானது உணவுக்குழாய்தான். போர்ட்டல் சிரைக்கும் கல்லீரல் சிரைக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு 12 மி.மீ. அளவை எட்டினால், அங்கே புடைத்த சிரைகள் வெடித்து ரத்த வாந்தி வரும் அபாயம் உண்டு. கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போகும் ரத்தத்தில் அம்மோனியா அப்படியே மூளையை அடைவதால் குழப்பமும் மயக்கமும் வரலாம். எண்டோஸ்கோப் வழியே புடைத்த சிரைக்கு ரப்பர் வளையம் மாட்டுவதும், அழுத்தத்தைக் குறைக்க ப்ரோப்ரனலால் அல்லது அதே வகை மருந்தான கார்வெடிலால் தருவதும் ரத்தக்கசிவைத் தடுக்கும் முக்கிய வழிகள்.

பிற்பாடு இச்சொல் வாயிலை விட்டே விலகிவிட்டது. தந்துகியில் தொடங்கித் தந்துகியிலேயே முடியும் எந்தச் சிரையும் போர்ட்டல்தான். மூளையின் ஹைபோதலாமஸிலிருந்து பிட்யூட்டரி சுரப்பியின் முன்பகுதிக்கு இறங்கும் சிரைகளை அப்படித்தான் அழைக்கிறோம். அங்கே வாயில் எதுவும் கிடையாது. ஹைபோதலாமஸின் ஹார்மோன் உடல் முழுக்கக் கலந்து நீர்த்துப்போகாமல் நேரே போய்ச் சேர்வதால் மிகச் சொற்ப அளவே போதும். இந்தச் சிரைகள் இறங்கும் பிட்யூட்டரிக் காம்பு அறுபட்டால் முன்பகுதியின் மற்ற ஹார்மோன்கள் குறையும். ஹைபோதலாமஸிலிருந்து வரும் டோபமினின் தடை நீங்குவதால் புரோலாக்டின் மட்டும் கூடும்.