இன்டர்செக்ஷனாலிட்டி: இடைவெட்டு நிலை

பணியிடப் பாகுபாடு பற்றிய பேச்சில் அடிக்கடி அடிபடும் இந்தச் சொல்லை 1989இல் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா கையாண்டு புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இனம், பாலினம் போன்றவை ஒருவரிடம் சேர்ந்து நிற்கும்போது, தனித்தனியே அளந்தால் அகப்படாத ஒரு பாகுபாடு உண்டாகிறது என்பதே பொருள். லத்தீனில் 'இன்டர்' இடையே; 'செகாரே' வெட்டுதல். வடிவியலில் கோடுகள் வெட்டிக்கொள்வதைக் குறித்த 'இன்டர்செக்ஷன்', அமெரிக்கத் தெருவில் நாற்சந்தி ஆனது. கிரென்ஷா எடுத்துக்கொண்டது அந்த நாற்சந்தியைத்தான்.

சொல்லுக்கு முன்பே வழக்கு வந்துவிட்டது. செயின்ட் லூயிஸில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை நடத்திய ஆட்குறைப்பில், 'கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே' என்ற பணிமூப்பு விதிப்படி, 1970க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அனைவரும் வேலை இழந்தனர். மூப்பு எப்படி இருக்கும்? 1964க்கு முன் அவர்களுக்கு அங்கே கதவே திறக்கவில்லை. எம்மா டிகிராஃபென்ரைட் உட்பட ஐவர் வழக்குத் தொடுத்தனர். 1976இல் நீதிமன்றம் சொன்னது: நிறுவனம் பெண்களை எடுத்திருக்கிறது, எனவே பாலினப் பாகுபாடு இல்லை, இனப் புகாரை நடந்துகொண்டிருக்கும் வேறொரு வழக்கோடு சேர்த்துக்கொள்ளலாம், இரண்டையும் சேர்த்துப் புதிய நிவாரணம் கேட்க முடியாது. அந்தப் 'பெண்கள்' வெள்ளையினத்தவர் என்பது கணக்கில் வரவில்லை. 1980இல் ஜெஃப்ரிஸ் என்ற இன்னொரு பணியிடப் பாகுபாட்டு வழக்கில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் கறுப்பினப் பெண்களைத் தனிப் பிரிவாகவே ஏற்றது.

இன்றைய மனிதவளத் துறை அறிக்கைகளிலும் அதே ஓட்டைதான். ஒரு கற்பனைக் கணக்கு: பதவி உயர்வு பெற்றோர் வெள்ளை ஆண்கள் 40இல் 8, வெள்ளைப் பெண்கள் 40இல் 10, கறுப்பின ஆண்கள் 40இல் 10, கறுப்பினப் பெண்கள் 10இல் ஒருவருமில்லை. பாலின அட்டவணையில் ஆண்கள் 22.5%, பெண்கள் 20%. இன அட்டவணையிலும் அதே 22.5, 20. இரண்டு அட்டவணையும் 'பரவாயில்லை' என்கின்றன. இரண்டையும் குறுக்கே போட்டு நான்கு கட்டமாகப் பிரித்தால்தான் அந்தப் பூஜ்யம் தெரியும்.

ஆனால் ஓராண்டுப் பூஜ்யத்தை வைத்துக் குற்றம் சாட்டவும் கூடாது. ஒவ்வொருவருக்கும் 20% வாய்ப்பு இருந்தும் பத்துப் பேரும் தற்செயலாக விடுபட ஏறத்தாழ 11% சாத்தியம் உண்டு. மூன்றாண்டும் அதுவே தொடர்ந்தால் சாத்தியம் ஆயிரத்தில் ஒன்றளவுக்கு இறங்கிவிடும். ஆகவே பல ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். எண்ணிக்கை குறைவு என்று எல்லாச் சிறுபான்மையினரையும் ஒரே கட்டத்தில் கொட்டுவது பிழை. தேடியதே அதில் கரைந்துபோகும். ஐந்து பேருக்கும் குறைந்த கட்டத்தை வெளியே அச்சிடாமல் உள்ளே மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

தமிழில் 'குறுக்குவெட்டு' என்று எழுதுகிறார்கள். அது மரத்தையோ குழாயையோ குறுக்கே அறுத்தால் தெரியும் முகத்துக்கான சொல்; இங்கே பொருந்தாது. 'பன்முகத்தன்மை' முற்றிலும் வேறு சங்கதி. 'இரட்டை ஒடுக்குமுறை' ஓரளவு நெருங்கும். ஆனால் இரண்டைக் கூட்டினால் போதும் என்ற எண்ணத்தைத் தந்துவிடும். இலங்கைக் கணிதத்தில் இரு தொடைகளுக்கும் (தமிழ்நாட்டில் 'கணங்கள்', ஆங்கிலத்தில் 'செட்') பொதுவான பகுதி 'இடைவெட்டு'. கறுப்பினப் பெண்கள் நிற்பது அந்தப் பகுதியில்தான் என்பதால் கோட்பாட்டை 'இடைவெட்டு நிலை' என்றும், புகார் மனுவில் 'இடைவெட்டுப் பாகுபாடு' என்றும் எழுதலாம்.