முதல் பட்டதாரி: சொல்லும் சான்றிதழும்

முதல் பட்டதாரி (பெயர்ச்சொல்): ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்பை எட்டும் பிள்ளை. பேச்சில் ‘ஃபர்ஸ்ட் கிராஜுவேட்’. ப்ளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதத்தில் சென்னையின் இ-சேவை மையங்களிலும் தாலுகா ஆபீஸ்களிலும் இந்தச் சொல் காதில் விழுந்துகொண்டே இருக்கும். இதன் பொருளைத் தவறாகப் பிடித்துக்கொண்டால், கிடைக்காத கட்டணச் சலுகையை நம்பிக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க நேரும்.

‘பட்டம்’ என்பது நெற்றியில் கட்டும் தகடு, சிறப்பின் அடையாளம். பட்டத்து யானை, பட்டத்தரசி எல்லாம் இந்தப் பட்டத்தைச் சேர்ந்தவை. ‘தாரி’ என்பது ‘தாங்கியவர், அணிந்தவர்’ என்ற பொருள் தரும் வடமொழி ஈறு. சடாதாரி, வேடதாரி என்பவற்றில் உள்ளதும் இதுவே. ஆங்கிலச் சொல்லின் வேர் வேறு. லத்தீனில் ‘கிராடுஸ்’ என்றால் படி. கிராஜுவேட் என்பவர் படியேறியவர். தனித்தமிழில் வேண்டுமென்றால் ‘பட்டம் பெற்றவர்’ எனலாம். ஆனால் ‘பட்டதாரி’ நன்றாக வேரூன்றிவிட்ட சொல், அதை மாற்ற வேண்டிய தேவை இல்லை.

‘முதல்’ என்ற அடைதான் காலத்துக்குக் காலம் இடம் மாறியிருக்கிறது. 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும். தாமோதரம்பிள்ளை பின்னாளில் கலித்தொகையை அச்சேற்றியவர். அங்கே ‘முதல்’ ஒரு பல்கலைக்கழகத்துக்கு. அதன் பிறகு ‘எங்க ஊர்லயே முதல் பட்டதாரி’ என்ற பேச்சு வந்தது. தமிழ்நாடு அரசு 2010-11 கல்வியாண்டில் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கான கட்டணச் சலுகையைக் கொண்டுவந்தபோது, அது குடும்பத்தை அளக்கும் சட்டச்சொல் ஆயிற்று.

பலர் இதை ‘முதல் தலைமுறைப் பட்டதாரி’ என்று எழுதுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. தலைமுறை என்றால் அதில் அக்கா, அண்ணன், தம்பி எல்லாரும் அடங்குவர். அமெரிக்காவின் உயர்கல்விச் சட்டம் அந்தப் பொருளில்தான் பேசுகிறது: பெற்றோர் இருவருமே இளநிலைப் பட்டம் பெறாதவர்கள் என்றால் அவர்களின் எல்லாப் பிள்ளைகளும் முதல் தலைமுறையினர். கட்டணச் சலுகைக்காகத் தமிழ்நாடு அரசு தரும் முதல் பட்டதாரிச் சான்றிதழ் அப்படியல்ல. அப்பா, அம்மா, இரு பக்கத்துத் தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர் என எவரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. வியாசர்பாடியில் ஒரு வீட்டில் அக்கா பி.காம். முடித்திருந்தால், பி.இ. சேரும் தம்பி முதல் தலைமுறைதான். முதல் பட்டதாரி அல்ல. அக்கா கல்யாணமாகி வேறு ரேஷன் கார்டுக்குப் போயிருந்தாலும் கணக்கில் வருவார். அஞ்சல்வழியில் வாங்கிய பட்டமும் பட்டமே. ஆகவே இதற்குப் பொருத்தமான தமிழ் ‘குடும்பத்தின் முதல் பட்டதாரி’. கூடுதலாக ஒரு சொல் வந்தாலும் பொருள் தெளிவாக நிற்கும்.

இதற்கு வருமான வரம்பும் இல்லை, சாதி வரம்பும் இல்லை. அதனால் இது ஏழ்மையை அளக்கும் சான்றிதழ் ஆகாது. பட்டம் பெற்றும் சொற்பச் சம்பளத்தில் இருப்பவரின் மகளுக்கு இது கிடைக்காது. படிக்காத வசதிக்காரரின் மகனுக்குக் கிடைக்கும். அக்கா பட்டம் வாங்கி தி.நகர் துணிக்கடையில் நிற்கும் வீட்டில், தம்பிக்குக் கட்டணம் கட்டும் பாரம் கொஞ்சமும் குறைந்திருக்காது. இந்த விதி அந்த வீட்டையும் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

சலுகை கற்பிப்புக் கட்டணத்துக்கு மட்டும். ஹாஸ்டல், பஸ் செலவு இதில் வராது. அரசு நடத்தும் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வில் இடம் பெற்றவருக்குத்தான் உண்டு. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால், சான்றிதழ் கையில் இருந்தும் பயனில்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தவருக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஒதுக்கீட்டை. பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையைப் பார்ப்பது மேல்.

வாங்கும் முறை இது. இ-சேவை மையத்தில் ஆதாரைக் கொண்டு ‘கேன்’ (குடிமக்கள் அணுகல்) எண் பதிய வேண்டும். ஓடிபி செல்லுக்கு வரும் என்பதால் அந்த செல் எண் உயிரோடு இருக்க வேண்டும். பிறகு வருவாய்த்துறைச் சேவைகளில் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கான ஆர்இவி-104 சேவையில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 60 ரூபாய். போட்டோ, முகவரிச் சான்று, மதிப்பெண் பட்டியல், வீட்டில் உள்ளவர்களின் மாற்றுச் சான்றிதழ்கள், உறுதிமொழி ஆகியவற்றை ஸ்கேன் செய்து ஏற்றுவார்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று மேலே போய், மண்டலத் துணை வட்டாட்சியரின் ஒப்புதலோடு முடியும்.

தடை பெரும்பாலும் பெயரில் வரும். ஆதாரில் ஒரு இனிஷியல், டிசியில் இன்னொன்று என்றிருந்தால் ஆதாரைத் திருத்திய பிறகே விண்ணப்பிப்பது நல்லது. பள்ளிக்கே போகாத பாட்டிக்கு டிசி எங்கே போவது? அதை உறுதிமொழியில் எழுத வேண்டும், இடத்தைக் காலியாக விடக் கூடாது. ரிசல்ட்டுக்குப் பிறகு விண்ணப்பங்கள் குவியும். பொதுத்தேர்வு முடிந்ததுமே போட்டுவிட்டால் அலைச்சல் குறையும்.

சான்றிதழ் வந்துவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பத்தில் முதல் பட்டதாரி சலுகை கேட்டு ‘ஆம்’ என்று குறிக்க வேண்டும். மாணவரும் பெற்றோரும் கையெழுத்திட்ட கூட்டு உறுதிமொழிப் படிவத்தையும் சான்றிதழோடு சேர்த்து ஏற்ற வேண்டும். அந்தப் படிவம் தனி, சான்றிதழ் தனி.