சிறுநீரகத்தில் உறங்கும் வைரஸ் மூளைக்கு ஏறினால்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில், காலை நேரத்துப் பெட்டி ஒன்றில் நெருக்கியடித்து நிற்பவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களில் பாதிப் பேருக்காவது உடம்புக்குள் ஜே.சி. வைரஸ் இருக்க வாய்ப்பு அதிகம். உலகெங்கும் பெரியவர்களிடம் நிலவரம் அதுதான். பெரும்பாலும் சின்ன வயதிலேயே உள்ளே வந்து, காய்ச்சல்கூடக் கொடுக்காமல் சிறுநீரகத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். அவ்வப்போது சிறுநீரில் கொஞ்சம் வெளியேறும். இப்படி ஒன்று தங்களுக்குள் இருப்பதே தெரியாமல் அநேகம் பேர் ஆயுசு முழுக்க வாழ்ந்துவிடுகிறார்கள்.

எச்.ஐ.வி.யால் எதிர்ப்பு சக்தி சரிந்துபோன ஒருவரின் மூளையில் இதே வைரஸ் பெருகத் தொடங்கினால், சில மாதங்களில் ஆளைச் சாய்த்துவிடும். அந்த நோயின் பெயர் ப்ரோகிரசிவ் மல்டிஃபோகல் லூகோஎன்செஃபலோபதி; டாக்டர்கள் சுருக்கமாக பி.எம்.எல். என்பார்கள். எதிர்ப்பு சக்தி சரியும் நேரம் பார்த்து எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வரும் சந்தர்ப்பவாத நோய்களில் இது அபூர்வமானதுதான். நம் ஊரில் காசநோய் பிடித்திருக்கும் இடத்தில் கால்வாசிகூட இதற்கு இல்லை. ஆனாலும் நம் எதிர்ப்பு மண்டலம் சத்தமில்லாமல் என்ன வேலை பார்க்கிறது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் நோய் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

வைரஸைப் பார்ப்போம். ஏறக்குறைய 5,100 எழுத்துகள் கொண்ட, வளையம் போன்ற ஒரு டி.என்.ஏ. துண்டு, அவ்வளவுதான் அதன் சொத்து. அதில் ஒரு சிறு பகுதி, எந்தச் செல்லில் எவ்வளவு வேகமாகப் பெருக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கட்டுப்பாட்டுப் பகுதி. சிறுநீரில் கிடைக்கும் வைரஸில் அது ஒரு மாதிரி இருக்கிறது. நோயாளியின் மூளையில் கிடைப்பதிலோ சில துண்டுகள் காணாமல் போய், சில துண்டுகள் இரட்டித்து, மொத்தமாகக் கலைந்து கிடக்கிறது. கலைந்த இந்த வடிவம்தான் மூளைச் செல்களில் செழிக்கும். கண்காணிக்க ஆள் இல்லாமல் வைரஸ் நீண்ட காலம் பெருகும்போதுதான் இப்படிப்பட்ட மாற்றங்கள் தலைதூக்குகின்றன.

கண்காணிக்கும் ஆட்கள் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள். சிடி8 செல்கள் வைரஸ் புகுந்த செல்லைத் தேடிக் கொல்லும்; சிடி4 செல்கள் அவற்றை ஏவி, சோர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும். எச்.ஐ.வி. குறிவைத்து அழிப்பது இந்த சிடி4-ஐத்தான். நலமாக இருப்பவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்கு மேல் இருக்கும். 200-க்குக் கீழே இறங்கினால் பி.எம்.எல். வரும் சாத்தியம் ஏறுகிறது. போதாக்குறைக்கு, எச்.ஐ.வி. உருவாக்கும் 'டாட்' என்ற புரதம் ஜே.சி. வைரஸின் கட்டுப்பாட்டுப் பகுதியையே நேரடியாகத் தூண்டிவிடுகிறது.

மூளைக்குள் போனதும் அது தேடிப் பிடிப்பது ஒலிகோடென்ட்ரோசைட் செல்களை. நரம்பு இழைகளுக்கு, கரன்ட் ஒயரின் மேலுறை போல, மயலின் என்ற கொழுப்புறையைச் சுற்றிவிடுவது இவற்றின் வேலை. ஒரே செல் பல இழைகளுக்கு உறை போடும் என்பதால், ஒரு செல் செத்தால் பல இழைகள் ஒன்றாகப் பாதிக்கப்படும். பக்கத்துச் செல், அதற்கடுத்த செல் என்று வைரஸ் நகர நகர, மூளையின் வெள்ளைப் பகுதியில் திட்டுத்திட்டாக உறை உரிந்துகொண்டே போகும்.

அறிகுறி, திட்டு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது. பெருமூளையின் வலப்பக்கப் பின்பகுதியில் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆட்டோ ஓட்டுபவருக்கு இடப்பக்கம் வரும் பைக் தெரியாது. வாரத்தில் இரண்டு முறை உரசுவார். கண் டாக்டர் பார்த்தால் கண்ணில் ஒரு குறையும் இருக்காது. வேறு இடத்தில் விழுந்தால் பேச்சு குழறும், சட்டைப் பொத்தான் போட வராது, ஒரு கால் இழுக்கும். பெரும்பாலும் காய்ச்சல், தலைவலி எதுவும் இருக்காது. அதனால்தான் வீட்டில் இருப்பவர்கள் 'பலவீனம்' என்று நாட்களைத் தள்ளிவிடுகிறார்கள்.

எம்.ஆர்.ஐ. படத்தில் இந்தத் திட்டுகள் வெளுப்பாகத் தெரியும். வினோதம் என்னவென்றால், சுற்றிலும் வீக்கம் அவ்வளவாக இருக்காது. காசநோய்க் கட்டியும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியும் வளையம் கட்டி, வீங்கி, அமர்க்களப்படுத்தும். வீக்கம் என்பது எதிர்ப்பு மண்டலம் சண்டை போடும் அடையாளம். இங்கே சண்டை போட ஆளே இல்லை. முதுகுத்தண்டு நீரை எடுத்து, பி.சி.ஆர். பரிசோதனையில் வைரஸின் டி.என்.ஏ. தென்பட்டால் நோய் ஏறக்குறைய உறுதி.

மற்ற வைரஸ்களும் இதே கதவு வழியாக வருபவைதான். சிடி4 50-க்குக் கீழே போனால் சைட்டோமெகலோ வைரஸ், கண்ணின் விழித்திரையையும் மூளையையும் தாக்கும். எப்ஸ்டீன்-பார் வைரஸ் மூளையில் நிணநீர்ப் புற்றைக் கிளப்பலாம். சின்னம்மை வைரஸ், அம்மை இறங்கிய பிறகும் நரம்பு முடிச்சுகளில் தங்கி, பின்னாளில் அக்கியாக வரும். காவி எழுதினால் அக்கி போய்விடும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. காவிக்கு வைரஸ் அடங்குவதில்லை. எதிர்ப்பு சக்தி குறைந்தவரிடம் அதே வைரஸ் மூளை ரத்தக் குழாய்களில் புகுந்து பக்கவாதத்தையே உண்டாக்கலாம், சில சமயம் தோலில் ஒரு கொப்புளம்கூடக் காட்டாமல். இதற்கும் சைட்டோமெகலோவுக்குமாவது மருந்து உண்டு.

ஜே.சி.க்கு இல்லை. சைட்டராபின், சிடோஃபோவிர், மலேரியா மாத்திரையான மெஃப்ளோகுயின் என்று வரிசையாகச் சோதித்துப் பார்த்தார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. பலித்தது ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்துச் சிகிச்சை. அது ஜே.சி.யைத் தொடுவதே இல்லை. எச்.ஐ.வி.யை அடக்கி, சிடி4-ஐ மீள விடுகிறது. மீதியை உடம்பு பார்த்துக்கொள்கிறது. ஏ.ஆர்.டி.க்கு முன், பி.எம்.எல். வந்தவர்களில் ஓராண்டு தாண்டியவர்கள் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான். ஏ.ஆர்.டி. வந்த பிறகு ஏறக்குறைய பாதிப் பேர் தாண்டுகிறார்கள்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே சென்னையில்தான், 1986-இல், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் திரட்டிய ரத்த மாதிரிகளில். அரசின் இலவச ஏ.ஆர்.டி. 2004 ஏப்ரலில் தொடங்கியபோது, முதல் மையங்களில் ஒன்றாக இருந்தது தாம்பரம் சானடோரியம். இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் பி.எம்.எல். நம் நாட்டில் மிகக் குறைவு என்றே பலரும் நினைத்தார்கள். காசநோயும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையும் அதற்கு முன்பே உயிரைக் குடித்தன, ஸ்கேனும் பி.சி.ஆரும் எல்லோருக்கும் எட்டவில்லை என்பவையும் அதற்கான காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இப்போது நம்பிக்கை மையம் எனப்படும் அரசுப் பரிசோதனை மையத்தில் எச்.ஐ.வி. உறுதியானால், சிடி4 எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் மாத்திரை தொடங்கிவிடுவார்கள். சிடி4 சரியும் வரை காத்திருந்த காலம் 2017-லேயே முடிந்தது.

ஜே.சி.யை அடக்கி வைப்பது டி செல்கள்தான் என்பதற்கு எச்.ஐ.வி. இல்லாதவர்களிடமிருந்தும் ஒரு சாட்சி கிடைத்தது. எதிர்ப்பு மண்டலமே மயலின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கான நடாலிசுமாப் என்ற ஊசி, டி செல்களை அழிப்பதில்லை, மூளைக்குள் நுழையவிடாமல் தடுக்கிறது, அவ்வளவே. அதைப் போட்டுக்கொண்ட சிலருக்கு பி.எம்.எல். வந்தது. 2005-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்று, அடுத்த ஆண்டு கடுமையான கண்காணிப்போடு மறுபடி அனுமதித்தார்கள். படை இருந்தும் பயனில்லை, சம்பவ இடத்துக்குப் போக முடிய வேண்டும்.

ஆனால் படை திடீரென்று திரும்பி வருவதிலும் சிக்கல் உண்டு. ஏ.ஆர்.டி. தொடங்கிய சில வாரங்களில், மீண்டெழுந்த டி செல்கள் மூளைக்குள் பாய்ந்து, அதுவரை அமைதியாக இருந்த திட்டுகளை வீங்கவைத்துவிடலாம். மாத்திரை சாப்பிட்ட பிறகுதான் மோசமானது என்று நோயாளி நினைப்பதில் தப்பில்லை, பார்த்தால் அப்படித்தான் தெரியும். அதற்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது. தேவைப்பட்டால் ஸ்டீராய்டு கொடுத்து வீக்கத்தை அடக்குவார்கள். எவ்வளவு அடக்குவது என்பது கத்தி மேல் நடக்கிற வேலை. அதிகம் அடக்கினால் வைரஸுக்குக் கொண்டாட்டம்.

டி செல்களின் தடையை விலக்கும் பெம்ப்ரோலிசுமாப் என்ற புற்றுநோய் மருந்தையும் முயன்றார்கள். 2019-இல் வெளியான ஆய்வில் எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு நோய் மட்டுப்பட்டது அல்லது அப்படியே நின்றது, மூவருக்குப் பயனில்லை. ஜே.சி. குடும்பத்து வைரஸ்களை அடையாளம் காணப் பழக்கிய டி செல்களை, நலமான ஒருவரிடமிருந்து எடுத்து நோயாளிக்கு ஏற்றிப் பார்க்கும் சோதனைகளும் நடக்கின்றன.