பழைய வீட்டைத் திருத்தச் சதுர அடிக் கணக்கு உதவாது

"சதுர அடிக்கு எவ்வளவு போகும்?" வீடு திருத்த நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். கட்டட வேலையை அளந்து செலவுக் கணக்குப் போடுவது என் தொழில். வெறுங்காணியில் புது வீடு என்றால் இதற்கு ஓரளவு பதில் உண்டு. கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நாற்பது ஐம்பது வருடப் பழைய வீட்டை உடைத்துப் பெருப்பிப்பதென்றால் பதில் கிடையாது. அப்படியும் ஒரு தொகையைச் சொல்கிற கொந்தராத்துக்காரரிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

சதுர அடி விலைக்குள் சுவர், நிலம், கூரை எல்லாம் வந்துவிடும். பழையதை உடைக்கும் கூலி வராது. உடைக்கும்போது மேலே இருப்பது விழாமல் முட்டுக்கொடுக்கும் செலவும், லொறி நுழையாத ஒழுங்கையிலிருந்து கல்லும் மண்ணும் சுமந்து வெளியேற்றும் செலவும் வராது. ஒரே அளவு இடந்தான், ஆனால் படுக்கையறை கூட்டுவதற்கும் பாத்ரூம் கூட்டுவதற்கும் செலவில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பாத்ரூமில் பைப், கழிவு நீர், டைல்ஸ், தண்ணீர் கசியாத பூச்சு என்று சின்ன இடத்துக்குள் எத்தனையோ வேலை.

ஆகவே பீ.ஓ.கியூ. ஒன்று போடுங்கள். ஒவ்வொரு வேலையும் என்ன, எத்தனை அளவு, அலகுக்கு என்ன விலை என்று எழுதிய பட்டியல்தான் அது. ஒரே பட்டியலை மூன்று பேரிடம் கொடுத்து விலை எடுத்தால்தான் ஒப்பிட முடியும். இல்லாவிட்டால் ஒருவர் டைல்ஸைச் சேர்த்திருப்பார், இன்னொருவர் சேர்த்திருக்க மாட்டார். குறைந்த விலை என்று நீங்கள் தெரிந்தெடுப்பது பாதி வேலையின் விலையாக இருக்கும். டைல்ஸ், பாத்ரூம் சாமான் இன்னும் தெரிவாகவில்லையா? "டைல்ஸ் சதுர அடி இத்தனை ரூபா வரை" என்று அதிலேயே எழுதிவிடுங்கள்.

மேல்மாடி எடுப்பவர்கள் பிளான் கீறும் முன்பே கீழே பார்க்க வேண்டும். கொழும்பின் பழைய வீடுகள் பலவற்றில் கொங்கிறீட் தூணே இல்லை. கபுக்கல் என்கிற செம்புறைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த சுவர்தான் கூரையைத் தாங்குகிறது. ஓட்டுக்கூரையைத் தாங்கிய சுவர் ஸ்லாப்பையும் தாங்கும் என்று யாராவது சொன்னால், "எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். "ஃபவுண்டேஷன் ஸ்ட்ரோங்தான் மிஸ்" என்பது பதில் அல்ல. அத்திவாரத்தின் பக்கத்தில் ஓரிரு இடத்தில் குழி தோண்டி, அது எத்தனை ஆழம், என்ன கல் என்று ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் ஒருவர் பார்க்க வேண்டும். கடலை அண்டிய வீடுகளில் இன்னொரு தொல்லை. உப்புக்காற்றில் உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருக்கும், கொங்கிறீட் பிளந்து விழும். பீமின் அடியில் நீளவாக்கில் வெடிப்பு இருந்தால் அதைப் புட்டி வைத்து மறைக்க விடாதீர்கள். இன்ஜினியருக்குக் கொடுக்கும் காசு, கட்டி முடித்த மாடியை உடைக்கிற செலவுக்குப் பக்கத்திலும் வராது.

அழகான பழைய வீட்டை அப்படியே மீட்க நினைப்பவர்களுக்கு ஒன்று. சுண்ணாம்புச் சுவரின் மேல் சீமெந்துப் பூச்சுப் போடாதீர்கள். அந்தச் சுவர் உறிஞ்சும் ஈரம் பூச்சின் வழியாகவே வெளியேறும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிடும். பிறகு எந்தப் பெயின்ட் அடித்தாலும் கொப்புளித்து உரியும், பெயின்ட் கடைக்காரருக்கு மட்டும் இலாபம். சுண்ணாம்புப் பூச்சுத் தெரிந்த மேசன்மார் குறைவுதான், தேடத்தான் வேண்டும். பழைய அஸ்பெஸ்டஸ் சீற் கழற்றுவதானால் நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்கச் சொல்லுங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு நஞ்சு.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாநகர சபையில் பிளானுக்கு அனுமதி எடுங்கள், வேலை முடிந்ததும், பிளானின்படிதான் கட்டியது என்ற இணக்கச் சான்றிதழையும் எடுங்கள். வீட்டை விற்கும் நாளில் அது இல்லாமல் அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுக்குமாடியில் இருப்பவர்கள் சுவரில் கை வைக்கும் முன் மெனேஜ்மென்ட் கோப்பரேஷனிடம், அதாவது வீட்டுச் சொந்தக்காரர்களின் நிர்வாகச் சபையிடம், எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வாஸ்து பார்த்துக் கட்டுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வாஸ்து ஐயாவைப் பிளான் கீறும்போதே கூப்பிடுங்கள். ஸ்லாப் போட்ட பிறகு அவர் சமையலறையைத் தென்கிழக்குக்கு மாற்றச் சொன்னால், அதற்கும் ஒரு பில் வரும்.

கொந்தராத்துக்காரரைத் தெரிவு செய்யும்போது சீடாவில், அதாவது நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையில், பதிவு இருக்கிறதா, என்ன தரம் என்று கேளுங்கள். பதிவில்லாத நல்ல பாஸ்மாரும், அதாவது ஆட்களை வைத்து வேலை செய்யும் தலைமை மேசன்மாரும், இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். யாரானாலும், அவர் போன மாதம் முடித்த வீட்டைப் பார்க்காதீர்கள், இரண்டு மழைக்காலம் கண்ட வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். கூரை திறக்கும் வேலையை ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வையுங்கள். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். அதற்கு முன் ஏப்ரலில் புத்தாண்டுக்கு ஊருக்குப் போகும் வேலையாட்கள் எப்போது திரும்புவார்கள் என்று பாஸுக்கே தெரியாது. வேலைத்தலத்தில் தண்ணீர் தேங்கி நுளம்புக் குடம்பி இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) விடமாட்டார். 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தில் வளவின் சொந்தக்காரருக்கும் பொறுப்பு உண்டு. "அது பாஸின் வாளி" என்று சொல்லித் தப்ப முடியாது.

இனிக் காசு. மகன் லண்டனிலிருந்து அனுப்ப, அம்மா வெள்ளவத்தையில் நின்று வேலை பார்க்கிற வீடுகளில்தான் அதிகம் சிக்கல் வருகிறது. "அன்ரி, சீமெந்து எடுக்கவேணும்" என்று பாஸ் கேட்கும்போதெல்லாம் காசு போகும், எந்த வேலைக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது. முற்பணம் 20 வீதத்துக்கு மேல் வேண்டாம். மிச்சத்தை, முடித்து அளந்த வேலைக்கு மட்டும் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். 5 வீதத்தைப் பிடித்து வைத்து ஒரு வருடம் கழித்துக் கொடுப்பதென்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஒரு மழைக்காலம் கடந்தால்தான் ஒழுக்குத் தெரியும். இடையில் வரும் எக்ஸ்ட்ரா வேலை எதுவானாலும், செய்யும் முன் விலையை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் என்றாலும் சரி. 2022இல் சீமெந்து மூட்டை மூவாயிரம் ரூபாவைத் தொட்டபோது, விலை ஏறினால் யார் பொறுப்பு என்று எழுதாத வேலைகள் பாதியில் நின்றன. அந்த வரியையும் சேருங்கள். பழைய வீடு என்றால் கணக்குக்கு மேல் 15 வீதம் தனியாக ஒதுக்கி வைக்கும்படி நான் சொல்வது வழக்கம். அந்த ஒதுக்கை பாஸிடம் சொல்லத் தேவையில்லை.

அப்புறம், டைல்ஸ் ஒட்டும் முன் பாத்ரூம் நிலத்தில் ஒரு முழு நாள் தண்ணீர் கட்டி வைத்து, கீழ்த் தளத்தில் கசிகிறதா என்று பாருங்கள். சுவர் பூசும் முன் பைப்பும் வயரும் போகும் இடங்களை அளவு நாடா பிடித்துப் படமெடுத்து வையுங்கள். சுவரில் ஆணி அடிக்கும்போது அந்தப் படம் தேவைப்படும்.